ஜாவாவிலேயே இருப்பதா, கோ பக்கம் போவதா? வேலைக்கான மொழியை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

அரைப்புள்ளி

பல வருடங்களாக ஜாவாதான். பணப் பரிமாற்ற மென்பொருளின் பேக்எண்ட். இப்போது கையில் இரண்டு வேலை அழைப்புகள் இருக்கின்றன. ஒன்று இதே துறை, இதே ஜாவா, ஆனால் இன்னும் பெரிய அமைப்பு. பின்னால் கோபோல் என்ற பழைய மொழி ஓடும் மெயின்ஃபிரேமோடு, அதாவது பெரிய மையக் கணினியோடு, பேச வேண்டியிருக்கும். இன்னொன்று சின்ன டீம். கன்டெய்னர்களை (மென்பொருளைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டி ஓட்டும் பொட்டலங்கள்) கண்காணிக்கும் கருவிகள் செய்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாமே கோ மொழியில், ஓரிரு இடங்களில் ரஸ்ட். சம்பளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எது உசத்தி என்ற சண்டை வேண்டாம், அதற்கு ஏற்கனவே ஆயிரம் இழைகள் இருக்கின்றன. நான் கேட்பது வேறு. நீங்கள் இன்று எந்த மொழியில் சம்பளம் வாங்குகிறீர்களோ, அதற்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்? நீங்களாக எடுத்த முடிவா? நடுவில் மாறியவர்கள் எதைப் பார்த்து மாறினீர்கள்?

நீலத்திரை

ரஸ்ட் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அப்புறம் என்ன யோசனை?

அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது 2015 மே மாதம். அடுத்த வருடத்திலிருந்தே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் தளத்தின் கருத்துக்கணிப்பில் அதைப் பயன்படுத்துபவர்கள் அதிகம் விரும்பும் மொழியாக வந்துகொண்டிருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் 6.1-ல் சேர்ந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019-ல் 76 சதவீதம், 2024-ல் 24 சதவீதம் என்று கூகுளே சொன்னது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இதற்குமேல் என்ன சொல்ல?

மூன்றாம்_சுற்று

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருப்பவன். நீலத்திரை சொன்ன எண்கள் சரிதான், ஆனால் அவற்றை வைத்து வேலையை முடிவு செய்ய முடியாது. அதே கருத்துக்கணிப்பில் அதிகம் பயன்படுத்தப்படும் மொழி பல வருடங்களாக ஜாவாஸ்கிரிப்ட். விரும்புகிறவர்கள் பட்டியல் வேறு, சம்பளப் பட்டியல் வேறு. ஆண்ட்ராய்டு கணக்கிலும் ரஸ்ட்டுக்கு மட்டும் மாலை போட வேண்டாம். புதிய கோட், அந்தப் பிழைகளுக்கு இடம் தராத நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதப்பட்டதால் வந்த பலன் அது. அதில் ஜாவாவும் காட்லினும் உண்டு.

வேலை விளம்பரத்தில் மொழியின் பெயர் ஏன் முதலில் வருகிறது? வந்து குவியும் ரெஸ்யூமேக்களை வடிகட்ட அது சுலபமான சல்லடை, அவ்வளவுதான். உள்ளே வந்த பிறகு யாரும் அதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஜாவாவில் ஊறிய ஒருவர் கோ கற்பது சில வாரங்களில் நடந்துவிடும். அந்த மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்களே மொத்தம் 25 தான், வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே பணம் இரண்டு முறை கழிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது எப்படி, நடுவழியில் இணைப்பு அறுந்தால் எந்தப் பக்கக் கணக்கை நம்புவது, இதெல்லாம் தெரிந்த ஆளைத் தேடி மாதக்கணக்கில் அலைகிறோம். அரைப்புள்ளி, உங்கள் கையில் இருக்கும் சரக்கு அதுதான்.

நீலத்திரை

அப்படியானால் ஆயுசுக்கும் ஜாவாவிலேயே கிடக்கச் சொல்கிறீர்களா? சில வாரங்களில் கற்கலாம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உங்கள் ஹெச்ஆர் அப்படிச் சொல்ல மாட்டார். "கோ அனுபவம் எத்தனை வருடம்" என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால் ரெஸ்யூமே உங்கள் மேசைக்கே வராது.

மூன்றாம்_சுற்று

அது நியாயமான அடி. ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டத்தைத் தாண்ட ஒரே வழி, அந்த மொழியில் சம்பளம் தரும் யாராவது ஒருவர் முதலில் கதவைத் திறப்பது. அரைப்புள்ளிக்கு இப்போது அப்படி ஒருவர் திறந்திருக்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசிவரி

என் கதையில் தேர்வு என்ற சொல்லுக்கே இடமில்லை. நான் ஃபிரண்ட்எண்ட், பயனர் கண்ணில் படும் பக்கம். எங்களுக்கு மொழியைத் தேர்ந்தெடுப்பது பிரவுசர்.

ஆரம்பம் பிரவுசரில் அசைபடம் ஓட்டிய ஃபிளாஷ், அதன் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட். அதில் நல்ல பெயரும் வாங்கினேன். 2010 ஏப்ரலில் ஐபோனில் ஃபிளாஷை ஏன் சேர்க்க மாட்டோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். அன்றைக்கு எங்கள் டீமில் பலர் சிரித்தார்கள். ஃபிளாஷை வைத்திருந்த அடோபி நிறுவனம் 2017-ல் மூடுவிழா அறிவித்து, 2020 டிசம்பர் 31-ல் கதையை முடித்தது. இடையில் ஏறக்குறைய பத்து வருடம் இருந்ததைக் கவனியுங்கள். மொழிகள் ஒரே இரவில் சாவதில்லை. புதிய வேலைகள் வருவது முதலில் நிற்கும். அப்புறம் பழையதைப் பராமரிக்கும் வேலைகள் மட்டும் இருக்கும். கடைசியில் பழையதை வேறொன்றுக்கு மாற்றும் வேலை வரும், அது முடிந்ததும் நீங்களும் வெளியே. இந்த மூன்றில் எந்தக் கட்டத்தில் ஏறுகிறீர்கள் என்று பார்ப்பது மொழியின் பெயரைப் பார்ப்பதைவிட முக்கியம்.

அடுத்து, ஜாவாஸ்கிரிப்டாக மாறி ஓடும் காஃபிஸ்கிரிப்ட். 2011-ல் ரெயில்ஸ் என்ற இணையச் சட்டகத்தின் 3.1 பதிப்பு அதைத் தானாகவே சேர்த்துக் கொடுத்தது. எழுத அழகாக இருந்தது, ஜாவாஸ்கிரிப்டின் அசிங்கங்களையெல்லாம் மறைத்தது. 2015-ல் ஜாவாஸ்கிரிப்டே கிளாஸ், அம்புக்குறி ஃபங்ஷன் எல்லாவற்றையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. அதோடு காஃபிஸ்கிரிப்டுக்கு இருந்த காரணமே போய்விட்டது. யாரும் அதைக் கொல்லவில்லை, அது ஜெயித்ததாலேயே காணாமல் போனது என்றுகூடச் சொல்லலாம். இப்போது, ஜாவாஸ்கிரிப்டில் தரவு வகைகளைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட். 2012-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டபோது நான் முகம் சுளித்தவள். இன்று அது இல்லாத புராஜெக்ட் என்றால் வேண்டாம் என்கிறேன்.

ஃபிளாஷில் கற்றதில் மிஞ்சியது என்ன என்று கேட்டால், நிறைய. அசைவின் நேரக்கணக்கு, நிகழ்வுகளை வைத்து யோசிப்பது, பயனர் எங்கே பொறுமை இழப்பார் என்ற உணர்வு. மொழியின் இலக்கணம் மட்டும் குப்பைக்குப் போனது. அதிலும் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் பாதி தப்பித்தது.

ஆக, நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த மொழி ஓடும் மேடை யார் கையில் இருக்கிறது? ஒரே நிறுவனத்தின் கையில் என்றால் அவர்கள் மனநிலையும் உங்கள் தொழிலும் ஒரே கயிற்றில் கட்டியவை.

புதுக்கணக்கு

அக்கா, கோ மொழியும் கூகுள் கையில்தானே இருக்கிறது? அதற்கும் இது பொருந்துமா?

கடைசிவரி

பொருந்தும்தான், ஆனால் கொஞ்சம். ஃபிளாஷின் மூலநிரலை யாரும் எடுத்து ஓட்ட முடியாது. கோ திறந்த மூலம். அதைவிட, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரும் குபெர்னெட்டிஸும் கோ மொழியில் எழுதப்பட்டவை. நாளைக்கு கூகுள் கையை உதறினாலும் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் வேறு பலருக்கு இருக்கிறது. ரஸ்ட்டுக்கு இது நடந்தே காட்டிவிட்டது. 2020 ஆகஸ்டில், அதை வளர்த்த மொசில்லா பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்தபோது ரஸ்ட் அவ்வளவுதான் என்றார்கள். 2021 பிப்ரவரியில் தனி அறக்கட்டளை வந்தது. பல பெரிய நிறுவனங்கள் சேர்ந்து தூக்கி நிறுத்தின.

வட்டெழுத்து

கோபோல் என்று பெயர் வந்ததால் நான் பேசியாக வேண்டும். அங்கே ஆரம்பித்து ஜாவாவுக்கு வந்தவன் நான்.

கோபோலின் வடிவமைப்பு தொடங்கியது 1959. அது செத்துவிட்டது என்று நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே சொல்கிறார்கள். 2020 ஏப்ரலில் வேலையிழப்பு உதவித்தொகை கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தபோது நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பத்திரிகையாளர்கள் முன் கோபோல் தெரிந்தவர்கள் தேவை என்று கேட்டார். இதைச் சொல்வது கோபோல் கற்றுக்கொள்ளுங்கள் என்பதற்காக அல்ல. அதன் இலக்கணத்தை யாரும் விரைவில் கற்றுவிடலாம். அந்த நிரலுக்குள் பல பத்தாண்டுகளாகப் படிந்து கிடக்கும் விதிகளைத்தான் கற்க முடியாது. எந்த வாடிக்கையாளருக்கு எந்தத் தேதியில் ஏன் வேறு வட்டி என்பதற்கு ஆவணம் எதுவும் இருக்காது, கோட் மட்டும் இருக்கும்.

நான் பயப்படுவது பழைய மொழிகளைக் கண்டு அல்ல. பின்பொருத்தத்தை, அதாவது பழைய கோட் புதிய பதிப்பிலும் ஓடுவதை, உடைக்கும் மொழிகளைக் கண்டுதான். விஷுவல் பேசிக் 6 வந்தது 1998. கணக்கில்லாத அலுவலக மென்பொருள்கள் அதில் எழுதப்பட்டன. 2002-ல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்துக்கான வடிவம் வந்தபோது பெயர் மட்டும்தான் ஒன்று, பழைய கோட் அப்படியே ஏறாது. பலர் அந்த இடத்தில் ஜாவாவுக்கோ சி ஷார்ப்புக்கோ நடையைக் கட்டினார்கள். எப்படியும் திருப்பி எழுத வேண்டும் என்றான பிறகு அதே வீட்டில் ஏன் இருக்க வேண்டும்? பெர்ல் கதையும் கிட்டத்தட்ட அதுவே. அடுத்த பதிப்பு என்று 2000-ல் அறிவித்தார்கள், வந்தது 2015 டிசம்பரில், 2019-ல் அதற்கு ராக்கு என்று வேறு பெயரே வைத்துவிட்டார்கள். அத்தனை வருடமும் காத்திருந்தவர்கள் பைத்தான் பக்கம் போய்விட்டார்கள். பைத்தானும் இதே பள்ளத்தில் விழுந்ததுதான்: 3 வந்தது 2008 டிசம்பர், 2-க்கு ஆதரவை நிறுத்தியது 2020 ஜனவரி 1. பதினோரு வருடம் இரண்டு படகில் கால். அறிவியல் நூலகங்கள் கைகொடுத்ததால் மேலே வந்தது என்பது என் எண்ணம்.

அரைப்புள்ளி, உங்களுக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. முதல் வேலையில் ஜாவா என்றால் எந்த ஜாவா? 2014-ல் வந்த 8-ஆ, 2023-ல் வந்த 21-ஆ? இரண்டையும் ஒரே மொழி என்று சொல்வது ஓரளவுக்குத்தான் உண்மை. 21-ல் மெய்நிகர் த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஏராளமான வேலைகளை மலிவாக ஓட்டும் வழி) வந்த பிறகு, கோ மொழியைத் தேடிப் போனவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று வலுவிழந்துவிட்டது. அவர்கள் 8-லேயே உட்கார்ந்திருந்தால் அது மொழியைப் பற்றிய செய்தி அல்ல, அந்த இடத்தைப் பற்றிய செய்தி.

நீலத்திரை

பின்பொருத்தம் பேசுகிறீர்கள், வேகத்தை மறந்துவிட்டீர்கள். அரட்டைச் செயலியான டிஸ்கார்ட் 2020-ல் ஒரு சேவையை கோ மொழியிலிருந்து ரஸ்ட்டுக்கு மாற்றியதைப் படித்தீர்களா? பயன்படாத நினைவகத்தைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாயமாக ஓடி, ஒவ்வொரு முறையும் தாமதம் எகிறியது. ரஸ்ட்டில் அந்தச் சிகரங்களே இல்லை. அரைப்புள்ளியின் இரண்டாவது வேலையில் ஓரமாக இருக்கும் ரஸ்ட் நாளைக்கு நடுவுக்கு வரும்.

வட்டெழுத்து

படித்தேன். ஒரு சேவையை மாற்றினார்கள், நிறுவனம் முழுவதையும் அல்ல. அதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. 2025 மார்ச்சில் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை (எழுதிய கோடைச் சரிபார்த்து மாற்றித் தரும் நிரல்) வேறு மொழிக்கு மாற்றுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதை அறிவித்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் யார்? டர்போ பாஸ்கல், டெல்ஃபி, சி ஷார்ப் என்று வரிசையாக மொழி செய்தவர். அவரே சி ஷார்ப்பை எடுக்கவில்லை, ரஸ்ட்டையும் எடுக்கவில்லை. கோ மொழியை எடுத்தார். பழைய கோட் ஃபங்ஷன்களும் தரவு அமைப்புகளுமாக இருந்தது, ஒன்றையொன்று சுற்றிச் சுட்டும் அமைப்புகள் ஏராளம், கார்பேஜ் கலெக்டர் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. வரிக்கு வரி பெயர்க்க கோ வாகாக இருந்தது. ஏறக்குறைய பத்து மடங்கு வேகம் என்றார்கள். தன் சொந்த மொழியின் மீது பாசம் வைக்காமல், கையில் இருந்த கோட் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்து எடுத்த முடிவு. எனக்குப் பிடித்திருந்தது.

நீலத்திரை

அது பெயர்த்தெழுதும் வேலை. புதிதாக எழுதியிருந்தால் வேறு முடிவு வந்திருக்கலாம்.

வட்டெழுத்து

வந்திருக்கலாம். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்யும் நம்மில் எத்தனை பேர் வெற்றுத்தாளில் எழுத ஆரம்பிக்கிறோம்?

தரவுத்தோழி

எல்லோரும் ஒரு மொழியை மறந்துவிட்டீர்கள், அதுவும் நீங்கள் அத்தனை பேரும் தினமும் எழுதுவது. தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல். 1970-களில் ஐபிஎம்மில் பிறந்தது, இத்தனை அலையிலும் அசையவில்லை. யாரும் அதை ரெஸ்யூமேயில் முதல் வரியில் போடுவதில்லை.

எங்கள் தரவுத் துறையில் மொழியை லைப்ரரி தீர்மானிக்கிறது. எனக்கு ஜூலியா என்ற மொழி பிடிக்கும், வீட்டில் அதில்தான் விளையாடுகிறேன். அலுவலகத்தில் பைத்தான். ஏனென்றால் பாண்டாஸ், பைடார்ச் மாதிரி லைப்ரரிகள் அங்கே இருக்கின்றன, பக்கத்து இருக்கைக்காரருக்கும் அது தெரியும். பைத்தான் மெதுவானது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போவேன்; கனமான கணக்கெல்லாம் கீழே சி-யிலும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் நடக்கிறது.

மறைமதி

ஓரத்து மொழிக்காரன் சார்பில் ஒரு குரல். நான் எர்லாங், எலிக்ஸிர்.

எர்லாங் 1980-களில் எரிக்சன் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்தது. வேடிக்கை என்ன தெரியுமா, அதே எரிக்சனுக்குள் 1998-ல் புதிய தயாரிப்புகளுக்கு எர்லாங் வேண்டாம் என்று தடை போட்டார்கள். உலகம் பயன்படுத்தும் மொழியை நாமும் பயன்படுத்துவோம் என்ற மேலாளர் தர்க்கம்தான். அந்த வருடக் கடைசியில் அது திறந்த மூலமானது, அதை உருவாக்கியவர்களில் பலர் வெளியேறினார்கள். பிற்பாடு வாட்ஸ்அப் அதே மொழியை வைத்து ஒரு கைப்பிடி பொறியாளர்களோடு கோடிக்கணக்கான பயனர்களைத் தாங்கியது. 2014-ல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்கியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: தொழில்நுட்ப ரீதியாக நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் உங்கள் மொழியை ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கித் தடை செய்துவிடலாம். ஓரத்து மொழியில் வேலை குறைவு, போட்டியும் குறைவு, ஆனால் ஒரு வேலை போனால் அடுத்தது கிடைக்க நாளாகும். என்னைப்போல அந்தக் காத்திருப்பைத் தாங்க முடிந்தவர்களுக்கு மட்டும் இது சரி. குடும்பப் பொறுப்பு இருப்பவர்களிடம் நான் சிபாரிசு செய்வதில்லை.

புதுக்கணக்கு

இன்னும் வேலைக்கே சேராதவன் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது ஏஐ எல்லா மொழியிலும் எழுதித் தருகிறதே. அப்புறம் எந்த மொழி என்ற கேள்வியே தேவையா?

மூன்றாம்_சுற்று

எல்லா மொழியிலும் ஒரே தரத்தில் எழுதுவதில்லை. பொதுவெளியில் கோட் கொட்டிக் கிடக்கும் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் நன்றாக வருகிறது. நிறுவனங்களின் சுவருக்குள்ளேயே இருக்கும் மொழிகளில், எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளின் அபாப் மாதிரி, அது பார்த்தது குறைவு. இல்லாத ஃபங்ஷனைக் கூசாமல் எழுதித் தரும். எதில் எழுதினாலும் புரொடக்‌ஷனில் உடைந்தால் கூப்பிடப்போவது உங்களைத்தான். எழுதத் தெரியாத மொழியிலும் வேலை செய்யலாம் என்ற காலம் வரலாம், படிக்கத் தெரியாத மொழியில் முடியாது.

நீலத்திரை

இங்கே மட்டும் மூன்றாம்_சுற்றோடு சேர்ந்துகொள்கிறேன். அதனால்தான் கண்டிப்பான கம்பைலர் உள்ள மொழி வேண்டும் என்கிறேன். இயந்திரம் எழுதியதை இன்னொரு இயந்திரம் அடித்துத் திருப்பி அனுப்பட்டும், என் கண்ணுக்கு வேலை குறையும்.

கடைசிவரி

அரைப்புள்ளி, இன்னொன்று. ஏதோ உடைந்து இரவில் அழைப்பு வந்தால் பிழையை எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள் என்று இரண்டு டீமிடமும் கேளுங்கள். ஜாவாவில் த்ரெட் டம்ப், ஹீப் டம்ப், ஃபிளைட் ரெக்கார்டர் என்று பல வருடக் கருவிகள் இருக்கின்றன, கோ மொழியில் பிபிராஃப் இருக்கிறது. கருவி இருப்பது வேறு, அந்த டீம் அதைத் தொட்டிருக்கிறதா என்பது வேறு. பதில் சொல்லத் தடுமாறினால் மொழி எதுவானாலும் ஓடிவிடுங்கள்.

அரைப்புள்ளி

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன கேள்விகளை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டேன்.

முதல் இடம்: புதிய சேவைகள் ஜாவா 21-ல், பழையவை இன்னும் 8-ல். மாற்றத்துக்கென்று தனி ஆட்கள் இருக்கிறார்கள். இரவு அழைப்பு பற்றிக் கேட்டதும் சமீபத்தில் நடந்த ஒரு நினைவகக் கசிவை எப்படிப் பிடித்தார்கள் என்று ஆர்வமாக விளக்கினார்கள். கோபோல் பக்கம் இருப்பவர்கள் ஓய்வு பெறும் வயதில் இருப்பதால், நான் அதையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

இரண்டாவது இடம்: நல்ல மனிதர்கள், கோட் சுத்தமாக இருப்பதாகத்தான் தெரிகிறது. ரஸ்ட் எங்கே என்று கேட்டேன். ஒரே ஒரு நெட்வொர்க் வடிகட்டி. அதை எழுதியவர் போய்விட்டார், யாரும் தொடுவதில்லை. பிபிராஃப் பற்றிக் கேட்டபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் இடத்துக்கே போகிறேன். நீலத்திரை, திட்டாதீர்கள்.

நீலத்திரை

திட்டவில்லை. யாரும் தொடாத ரஸ்ட் வேறு இடத்திலும் பார்த்திருக்கிறேன், அது துக்கமான விஷயம். வார இறுதியில் எதையாவது அதில் எழுதிப் பாருங்கள், அது போதும்.

அரைப்புள்ளி

சரி, வட்டெழுத்து ஐயாவிடம் ஒரு கடைசிக் கேள்வி. கோபோல் பக்கத்தை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கட்டும்? முழு மொழியையும் கற்க நேரம் கிடைக்காது.

வட்டெழுத்து

நிரலை விட்டுவிடுங்கள், காப்பிபுக்கிலிருந்து ஆரம்பியுங்கள். தரவின் அமைப்பு முழுவதும் அதில்தான் இருக்கும். ஒரு தொகைப் புலத்துக்கு எஸ்9(7)வி99 காம்ப்-3 என்று எழுதியிருந்தால், குறியோடு சேர்ந்த ஒன்பது இலக்க எண், கடைசி இரண்டு இலக்கம் தசமம். அந்த "வி" இருக்கும் இடத்தில் புள்ளி எதுவும் சேமிக்கப்படுவதில்லை, இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். காம்ப்-3 என்றால் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் குறி, ஆக மொத்தம் ஐந்து பைட். ஜாவா பக்கம் இதைத் தசமத்தை அப்படியே வைக்கும் பிக்டெசிமலில் மட்டும் வாங்குங்கள், தோராயமாக வைக்கும் டபுளில் வாங்கினால் பைசா கணக்கு உதைக்கும்.

அப்புறம், கோப்பு மெயின்ஃபிரேமிலிருந்து எப்படி வருகிறது என்று முதல் நாளே கேளுங்கள். அங்கே எழுத்துகள் எப்சிடிக் என்ற குறியீட்டு முறையில் இருக்கும். யாராவது டெக்ஸ்ட் முறையில் அனுப்பி, மற்ற கணினிகளின் ஆஸ்கி முறைக்கு மாற்றிவிட்டால் பெயர், முகவரி எல்லாம் அழகாகத் தெரியும், காம்ப்-3 புலங்கள் மட்டும் சிதைந்து போயிருக்கும். பைனரியாகவே வாங்கி, புலம் புலமாக நீங்களே பிரியுங்கள்.